காத்திருக்கும் சரக்குக்கே விலை: கற்றாழையும் புளியங்கொட்டையும்

முகத்துக்கும் கைகால்களுக்கும் தடவிக்கொள்ளும் களிம்புகள் ஒரு காலத்தில் பட்டணத்துப் பொருளாக மட்டுமே இருந்தன. இன்று சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் அவை சிறு பொட்டலங்களாகத் தொங்குகின்றன. பொட்டலத்தின் மேல் பச்சைப் பசேலென்று ஒரு சோற்றுக்கற்றாழை மடலின் படம் இருக்கும். "இயற்கைச் சத்து நிறைந்தது" என்றும் அச்சிட்டிருக்கும். இதைப் பார்க்கும் உழவருக்கு, வரப்போரத்தில் தானாக வளர்ந்து கிடக்கும் கற்றாழைக்கு இவ்வளவு மதிப்பா என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே.

இந்த எண்ணத்தை அறிந்தவர்கள்தாம் கன்று விற்கும் முகவர்கள். "அண்ணாச்சி, கன்றை நட்டால் போதும். தண்ணீர் வேண்டாம், மருந்து வேண்டாம், ஆடு மாடு கடிக்காது. மடலை நாங்களே வந்து எடுத்துக் கொள்கிறோம்" என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கற்றாழை வறட்சியைத் தாங்கும். ஆடு மாடுகள் அதை அதிகம் நாடுவதில்லை. ஆனால் கடைசி வாக்கியத்தை நம்பி மானாவாரி நிலத்தைக் கற்றாழைக்கு ஒதுக்குவதற்கு முன், களிம்புத் தொழிலுக்குத் தேவைப்படுவது மடலா அல்லது மடலுக்குள் இருக்கும் வேறொரு பொருளா என்பதைச் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால், பேரத்தில் யார் கை ஓங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

வழுவழுப்பின் இரகசியம்

வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் அரைத்தால் கொழகொழவென்று வருகிறது. செம்பருத்தி இலையைக் கசக்கினால் நுரையோடு வழுவழுப்பு வருகிறது. வெண்டைக்காயை நறுக்கினால் கத்தியில் ஒட்டுகிறது. கற்றாழை மடலைப் பிளந்தால் உள்ளே உள்ள சோறு வழுக்குகிறது. இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே இனத்தைச் சேர்ந்த பொருள்கள்தாம். விஞ்ஞானிகள் இவற்றைப் பாலிசாக்கரைடு என்பார்கள். சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நிற்பதே பாலிசாக்கரைடு. சோற்றுக் கஞ்சியில் உள்ள மாவுச்சத்தும் இந்த இனமே. கட்டுரையில் இதைக் கோந்துச் சத்து என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணமுடையது. சங்கிலி நீளமாக இருக்கும் வரை தண்ணீரில் அது விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாக நிற்கும். தோலின் மீது தடவும்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகிறது. வேட்டிக்குக் கஞ்சி போட்டால் நூலின் மேல் படலம் படிவதைப் போன்றதே இதுவும்.

உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக மற்ற இடங்களில் மனிதத் தோலின் மேலடுக்கு காகிதத்தைவிட மெல்லியது. அதில் உள்ள ஈரம் சுமார் பத்து சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால் தோல் வறண்டு வெடிக்கிறது. மார்கழிப் பனியிலும், நாள் முழுவதும் சேற்றிலும் வெயிலிலும் மாறி மாறி நின்ற பின்னும் உழவரின் கால் தோல் வெள்ளை பூத்துப் பிளப்பது இதனால்தான். கோந்துச் சத்து மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதன் மேல் எண்ணெய்ப் பசை மூடினால் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. பெரிய மூலக்கூறு என்பதால் கோந்துச் சத்து தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஆழமாகச் செல்லாது. அதன் வேலை மேற்பரப்பில்தான். விளம்பரங்கள் சொல்லும் மற்ற அற்புதங்களை அந்த அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே உழவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. களிம்பில் கோந்துத் தூள் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கு, அதற்கும் குறைவாகவே சேர்க்கப்படுகிறது. அதாவது ஒரு கிலோ தூளைக் கொண்டு நூறு கிலோ களிம்பு செய்துவிடலாம். ஊரெல்லாம் களிம்பு விற்கிறது என்பதால் ஊரெல்லாம் கற்றாழை வேண்டும் என்று பொருளல்ல.

மேலும், களிம்புத் தொழிலுக்கு எந்தப் பயிர் மீதும் தனிப் பற்று கிடையாது. தோலில் இயற்கையாகவே உள்ள ஹயலூரானிக் அமிலம் என்ற கோந்துச் சத்தை 1934-இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இரு விஞ்ஞானிகள் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தனர். பிற்காலத்தில் சேவலின் கொண்டையிலிருந்து அது தயாரிக்கப்பட்டது. இன்று பெரும்பகுதி, தொட்டிகளில் வளர்க்கப்படும் நுண்ணுயிர்களைக் கொண்டே தயாராகிறது. சேவல் கொண்டையை விட்டுத் தொட்டிக்கு மாறிய தொழில், கற்றாழையை விட்டு வேறொன்றுக்கு மாறவும் தயங்காது.

பத்து டன்னில் இருபத்தைந்து கிலோ

கற்றாழைச் சோற்றில் தண்ணீரின் பங்கு 98.5 முதல் 99.5 சதவிகிதம். மீதியுள்ள திடப்பொருள் சுமார் ஒரு சதவிகிதமே. அதில் ஏறக்குறைய பாதி கோந்துச் சத்து. அவற்றுள் முக்கியமானது அசிமன்னான் என்பது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஓர் உழவர் பத்து டன் மடல் அறுத்ததாக வைத்துக்கொள்வோம். தோலையும் முள்ளையும் நீக்கினால் பாதி, அதாவது ஐந்து டன் சோறு கிடைக்கும் எனலாம். அதில் ஒரு சதவிகிதம் ஐம்பது கிலோ திடப்பொருள். அதில் பாதி இருபத்தைந்து கிலோ. ஆக, பத்து டன் ஏற்றிய லாரியில் தொழிற்சாலை நாடிய பொருள் இருபத்தைந்து கிலோதான். மற்றதெல்லாம் தண்ணீரும் தோலும். வண்டி வாடகை மட்டும் பத்து டன்னுக்கும் கொடுக்க வேண்டும்.

அந்த இருபத்தைந்து கிலோவும் நிலையாக நிற்பதில்லை. மடலை அறுத்த உடனே அதற்குள் இருக்கும் நொதிகளும் காயத்தின் வழியே புகும் நுண்ணுயிர்களும் நீளச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்குகின்றன. சங்கிலி துண்டானால் வழுவழுப்பு போய்விடும். அதனால்தான் தரமான தொழிற்கூடங்கள் அறுத்த சில மணி நேரத்துக்குள் சோற்றைப் பிரித்துவிட வேண்டும், இல்லையேல் மடலைக் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. உலர்த்தும்போது சூடு 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போனாலும் அசிமன்னான் பழுதுபடுகிறது.

இதில் உழவருக்குள்ள சங்கடம் என்னவென்றால், மடல் வெளியே கெட்டுப்போனதாகத் தெரியாது. இரண்டு நாள் வெயிலில் கிடந்த மடலும் பச்சையாகவே இருக்கும். ஆனால் வாங்குபவர் சோதனைச் சாலையில் பார்த்து, "சத்து குறைந்துவிட்டது, பாதி விலைதான்" என்றால் உழவர் மறுத்துப் பேச வழியில்லை. அந்தச் சோதனையைத் தாமே செய்து பார்க்கும் கருவி அவரிடம் இல்லை. தோலுக்கு அடியில் ஊறும் மஞ்சள் பாலில் அலோயின் என்ற பேதிப் பொருள் இருக்கிறது. அதை வடித்து நீக்காத சரக்கும் தள்ளுபடியாகும்.

நேர்மையான கற்றாழைக்கு மற்றொரு போட்டியும் உண்டு. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான மாவுச்சத்துத் தூளைக் கற்றாழைத் தூளோடு கலப்பது பல காலமாக நடந்துவரும் மோசடி. 2016-இல் அமெரிக்காவில் ஒரு செய்தி நிறுவனம் பெரிய கடைகளில் விற்ற சில கற்றாழைக் களிம்புகளைச் சோதனைக்கு அனுப்பியது. அவற்றில் கற்றாழைக்கு உரிய அடையாளப் பொருள்கள் காணப்படவில்லை. கற்றாழையே இல்லாமல் கற்றாழைக் களிம்பு விற்க முடியும் என்றால், உண்மைக் கற்றாழை பயிரிடுபவருக்கு அந்தச் சந்தை எவ்வளவு உறுதியானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மரவள்ளி கற்பித்த பாடம்

சேலம், நாமக்கல் பகுதி மரவள்ளி உழவர்களுக்கு இது புதிய பாடமல்ல. கிழங்கைப் பிடுங்கிவிட்டால் ஓரிரு நாளில் ஆலைக்குச் சேர்த்தாக வேண்டும். தாமதித்தால் கிழங்கு உள்ளே கருத்துவிடும். ஆலையில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை வைப்பார்கள். பாயிண்ட் குறைவு என்று சொல்லிவிட்டால், ஏற்றிய கிழங்கை மீண்டும் வீட்டுக்குக் கொண்டு போக யாராலும் முடியாது.

ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் ஒரு காலத்தில் வெளியூர் வியாபாரிகளிடம் இதே நிலையில்தான் இருந்தார்கள். 1981-இல் அவர்கள் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். சரக்கைக் கிடங்கில் வைத்து, முன்பணம் பெற்று, விலை வரும்போது விற்க வழி பிறந்தது. இதனால் ஆலைக்காரர் கை பலப்பட்டது. கிழங்கு விளைவித்தவர் நிலை அந்த அளவுக்கு மாறவில்லை. இருவரும் விற்பது ஒரே மாவுச்சத்தைத்தான். ஜவ்வரிசி காய்ந்த பொருள், கிடங்கில் இருக்கும். கிழங்கு ஈரப் பொருள், வாசலில் நிற்காது. எவருடைய சரக்கு காத்திருக்க முடியுமோ அவரே விலை பேசுகிறார்.

கற்றாழை மடல் இந்த வகையில் மரவள்ளிக் கிழங்கின் இனம். நட்ட பின் அதைத் தவிர்க்க முடியாது. நடுவதற்கு முன் தவிர்க்கலாம்.

வீசி எறியும் கொட்டை

ஈரத்தைப் பிடிக்கும் கோந்துச் சத்து காய்ந்த வடிவிலும் உழவர் வீட்டில் இருக்கிறது. அதுதான் புளியங்கொட்டை.

புளியம்பழத்தில் ஏறக்குறைய 55 சதவிகிதம் சதை, 34 சதவிகிதம் கொட்டை, மீதி ஓடும் நாரும். கொட்டையின் செந்தோலை நீக்கினால் உள்ளே வெள்ளைப் பருப்பு இருக்கும். இந்தப் பருப்பில் ஏறக்குறைய பாதியளவு கூழாக உறையக்கூடிய பொருள் இருக்கிறது என்பதை 1942-இல் டி.பி. கோஸ், எஸ். கிருஷ்ணா என்ற இரு இந்திய விஞ்ஞானிகள் அறிவித்தனர். அது சைலோகுளூக்கன் என்ற கோந்துச் சத்து என்பது பின்னர் தெளிவாயிற்று. நம் நாட்டுத் துணி ஆலைகளில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் புளியங்கொட்டை மாவு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஜப்பானில் சுத்திகரித்த புளியங்கோந்தை உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் கண் வறட்சிக்கான சொட்டு மருந்தில் அது சேர்க்கப்பட்டுள்ளது. களிம்புகளிலும் சேர்கிறது. பெட்டியின் பின்புறம் "டாமரிண்டஸ் இண்டிகா சீட் கம்" என்று பொடி எழுத்தில் இருப்பது வேறெதுவுமன்று, நம் புளியங்கொட்டைதான். கண்ணில் ஈரத்தைக் காக்கும் பொருளுக்குத் தோலில் ஈரத்தைக் காக்கவும் தகுதி உண்டு.

இதற்கும் ஒரு கணக்குப் போடலாம். நூறு கிலோ புளியம்பழத்தில் 34 கிலோ கொட்டை. தோல் போக சுமார் 22 கிலோ பருப்பு. அதில் பாதி, 11 கிலோ கோந்துச் சத்து. பத்து டன் கற்றாழையில் கிடைக்கும் இருபத்தைந்து கிலோவுக்கு இங்கே கால் டன்னுக்குக் குறைவான புளியம்பழம் போதும். நன்றாகக் காய்க்கும் பெரிய மரம் ஒன்றிரண்டு இருந்தால் இது கிடைத்துவிடும். கற்றாழையின் கோந்துச் சத்துக்குச் சந்தையில் கிலோ விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த விலை சுத்திகரித்த தூளுக்கு. மடலுக்கு அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, புளியங்கொட்டை காத்திருக்கும். காய்ந்த விதைக்குள் ஈரம் இல்லாததால் சங்கிலியை வெட்டும் நொதிகள் வேலை செய்வதில்லை. வெயிலில் நன்றாக உலர்த்தி, வண்டு புகாமல் சாக்கில் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். புளியங்கொட்டையைத் துளைக்கும் வண்டு நிலக்கடலையையும் தாக்கக்கூடியது. ஆகவே இரண்டையும் ஒரே அறையில் அடுக்கலாகாது.

இவ்வளவு இருந்தும் புளி வைத்திருக்கும் உழவர்களில் பலர் மரத்தைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். சிலர் கொட்டையோடு புளியை எடை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். "கொட்டைப்புளி விலையிலேயே கொட்டையின் விலையும் இருக்கிறதே" என்று வியாபாரி சொல்வார். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள பொருளின் விலை என்னவென்றே தெரியாமல் விற்பது எந்த வியாபாரத்திலும் நடவாதது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்கள் கூலிக்காகச் செய்யும் அதே வேலையைத் தங்கள் சொந்தக் குழுவுக்காகச் செய்தால், கொட்டையும் அவர்கள் கையில் மிஞ்சும்.

கற்றாழையே கூடாதா?

கற்றாழைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களின் வாதத்தில் நியாயமும் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி நிலங்களைப் போன்ற வறண்ட மணற்பாங்கான இடங்களில் வேறு பயிர் எளிதில் வருவதில்லை. கற்றாழை வரும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சுவிடும் செடி என்பதால் தண்ணீரை வீணாக்குவதில்லை. புளியமரம் நட்டால் பலன் காண ஆண்டுகள் ஆகும். கற்றாழையை ஓராண்டுக்குள் அறுக்கலாம்.

மற்றொன்றும் சொல்வார்கள். அறுக்காத வரை மடல் செடியிலேயே காத்திருக்குமே என்பார்கள். உண்மைதான். கற்றாழை உழவருக்கு இருக்கும் ஒரே பலம் அதுவே. ஆகையால் விலையும் வண்டியும் உறுதியாகும் வரை மடலில் கத்தி வைக்கக் கூடாது. ஆனால் செடி காத்திருந்தாலும் கன்று வாங்கப் பட்ட கடனுக்கு வட்டி காத்திருப்பதில்லை. முகவர்கள் அறிந்த இரகசியமும் இதுவே. ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்று தேவைப்படும். கன்றை விற்ற அன்றே முகவரின் இலாபம் அவர் கைக்கு வந்துவிடுகிறது. மடலை எடுக்க அவர் வராவிட்டால் நட்டம் உழவருக்கு மட்டுமே. 2012-இல் ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழி வளர்ப்பில் பணத்தைப் போட்டு ஏமாந்த குடும்பங்களுக்கு, "திரும்ப வாங்கிக் கொள்கிறோம்" என்ற வாக்குறுதியின் எடை எவ்வளவு என்பது தெரியும்.

பக்கத்தில் சோறு பிரிக்கும் கூடம் இருந்து, காலையில் அறுத்த மடல் மதியத்துக்குள் அங்கே போய்ச் சேருமானால் கற்றாழை நல்ல பயிரே. அந்தக் கூடம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் சொந்தக் கூடமாக இருந்தால் இன்னும் நல்லது. முதலில் கூடம், பிறகு கன்று என்ற வரிசை மாறக் கூடாது. எங்கும் வரிசை மாறித்தான் நடக்கிறது என்பதே குறை.

காய்ந்த சரக்கிலும் எச்சரிக்கை வேண்டும்

காய்ந்த விதை என்றால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. கொத்தவரை விதையின் கோந்தும் இதே இனத்தைச் சேர்ந்தது. களிம்பிலும் உணவிலும் சேர்வது. அமெரிக்காவில் பாறை இடுக்குகளிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் வேலைக்கு அது பெருமளவில் தேவைப்பட்டதால் 2012 வாக்கில் அதன் விலை தாறுமாறாக ஏறியது. முன்பேரச் சந்தையில் அதன் வியாபாரத்தையே 2012 மார்ச்சில் அரசு நிறுத்தி வைக்க நேர்ந்தது. அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. உச்ச விலையைப் பார்த்துப் பயிரிட்டவர்கள் இறங்கிய விலைக்கு விற்றார்கள்.

ஆனாலும் அவர்களிடம் ஒரு வசதி இருந்தது. விதையைச் சாக்கில் கட்டிவைத்து ஒரு பருவம் பொறுத்துப் பார்க்க முடிந்தது. அழுகும் சரக்கை வைத்திருப்பவருக்கு அந்த வசதியும் இல்லை. அதோடு இரண்டாவது சந்தையும் உள்ள பயிராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெந்தயத்தைக் களிம்புக்காரர் வாங்காவிட்டால் மளிகைக்கடைக்காரர் வாங்குவார். புளியங்கொட்டையைக் களிம்புக்காரர் வாங்காவிட்டால் துணி ஆலைக்குப் போகும் மாவு மில் வாங்கும். ஏக்கர் கணக்கில் அறுத்து அடுக்கிய கற்றாழை மடலை, பேசியவர் வராமற்போனால் யார் வாங்குவார்?

அரசு செய்ய வேண்டியது

புதிய பயிர் என்றாலே கன்றுக்கு மானியம், நடவுக்கு மானியம் என்று யோசிக்கும் வழக்கம் மாற வேண்டும். கன்றுக்குக் கொடுக்கும் மானியம் சுற்றி வளைத்துக் கன்று விற்பவரிடமே போய்ச் சேருகிறது. அதே பணத்தைச் சோறு பிரிக்கும் கூடத்துக்கும் உலர்களத்துக்கும் கொட்டைத் தோல் நீக்கும் இயந்திரத்துக்கும் கொடுத்தால் உழவரின் சரக்கு ஒரு படி உயர்ந்து காத்திருக்கும் பொருளாகும்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் புளியங்கொட்டைக்குத் தனி எடையும் தனி விலைப் பலகையும் வேண்டும். கொட்டையின் அன்றாட விலை எழுதப்பட்டால்தான் கொட்டைப்புளி விற்பவருக்குத் தம் நட்டம் தெரியும். சரக்கை வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடன் புளியங்கொட்டைக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். கற்றாழையின் சத்தை உழவர் முன்னிலையில் சோதித்து எழுதிக் கொடுக்கும் வசதியும் வேண்டும். வாங்குபவரின் தராசு மட்டுமே இருக்கும் சந்தை நியாயமான சந்தையாகாது.

விஞ்ஞானிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஏக்கருக்கு எத்தனை டன் மடல் என்று பெருமையாகச் சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. எத்தனை கிலோ சத்து, அது எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டன் கணக்கு உழவரை மயக்குகிறது.

கையெழுத்திடும் முன்

கற்றாழையோ வேறு எந்த மூலிகையோ பயிரிடச் சொல்லி ஒப்பந்தத் தாளை நீட்டினால், உழவர் சில கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். சோறு பிரிக்கும் கூடம் எங்கே இருக்கிறது? வயலிலிருந்து அங்கே போக எத்தனை மணி நேரம்? மடலின் விலை எடைக்கா, சத்துக்கா? சத்துக்கு என்றால் சோதிப்பவர் யார், உழவருக்கு மறுசோதனை கேட்க உரிமை உண்டா? அறுத்த பின் வண்டி வராவிட்டால் நட்டம் யாருடையது? கன்றின் விலையை, மடலை வாங்கும்போது கழித்துக்கொள்ளச் சம்மதமா?

கடைசிக் கேள்விக்கு ஆம் என்பவர் உண்மையாகவே மடலை வாங்க வந்தவர். இல்லை என்பவர் கன்றை விற்க வந்தவர். இந்த ஒரு கேள்வியிலேயே பெரும்பாலான முகவர்களின் நோக்கம் வெளிப்பட்டுவிடும். தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென 2019-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தை முறைப்படி பதிவு செய்துகொள்ள முகவர் ஒப்புகிறாரா என்றும் பார்க்க வேண்டும். வேளாண் வணிகத் துறை அலுவலரிடம் தாளைக் காட்டி யோசனை கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தாலும், முதல் ஆண்டில் கால் ஏக்கருக்கு மேல் போக வேண்டியதில்லை. இதற்கிடையில் வரும் மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போது கொட்டையைத் தனியாக எடுத்து, நான்கு வெயில் காயவைத்து, எடை போட்டு எழுதி வைக்கலாம். பத்து வீட்டுக் கொட்டை ஒன்று சேர்ந்தால் அரை லாரி ஆகிறதா என்று பார்க்கலாம். அந்தச் சாக்குகள் எந்த மணி நேரத்துக்குள்ளும் எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. மூன்று மில்களில் விலை விசாரித்து வரும் வரை அவை திண்ணையிலேயே இருக்கும்.